55 விநாடிப் பாட்டும் ஒரு பென் டிரைவும்

எங்கள் பள்ளி திருவொற்றியூரில், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் ஓசை வகுப்பறைக்குள் கேட்கும் தூரத்தில் இருக்கிறது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒலிபெருக்கியிலிருந்து தமிழ்த்தாய் வாழ்த்து வரும். வரிசையில் நிற்கும் பிள்ளைகள் உதட்டை அசைப்பார்கள். பல ஆண்டுகளாக இப்படித்தான் நடந்தது. யாருக்கும் இதில் குறை தோன்றவில்லை, எனக்கும்தான்.

ஒருநாள் மின்சாரம் இல்லை. "நாமே பாடலாம்" என்று தொடங்கினோம். முதல் வரியை யாரோ உச்சத்தில் எடுத்துவிட்டார்கள். இரண்டு வரி போனதும் சின்னப் பிள்ளைகளுக்குக் குரல் எட்டவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் வெட்கப்பட்டு நிறுத்திவிட்டார்கள். கடைசி வரியைப் பாடி முடித்தவர்கள் நான்கு ஆசிரியர்களும் ஆறேழு மாணவிகளும் மட்டும். கூட்டம் கலைந்தபின் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி சொன்னாள்: "பாட்டு தெரியும் மிஸ். ஆனா அது நம்ம தொண்டைக்கு வரல."

தமிழ்த்தாய் வாழ்த்தைத் தமிழ்நாட்டின் மாநிலப் பாடலாக அறிவித்து 2021 டிசம்பரில் அரசாணை வந்தது நம் எல்லோருக்கும் தெரியும். முல்லைப்பாணியில், அதாவது மோகன இராகத்தில், மூன்றன் நடையில், 55 விநாடிகளில் பாட வேண்டும் என்று அதில் இருக்கிறது. நிகழ்ச்சிகளில் இசைவட்டை ஓடவிடுவதைத் தவிர்த்துப் பயிற்சி பெற்றவர்கள் வாய்ப்பாட்டாகப் பாட வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது. அந்த இரண்டாவது பகுதியை நாங்கள் மறந்திருந்தோம். பாடப் பயிற்சி கொடுப்பது என்றால் எப்படி? எங்கள் பள்ளியில் இசை ஆசிரியர் இல்லை. முன்னாள் மாணவர்கள் கொடுத்த கீபோர்டு ஒன்று மட்டும் பீரோவின் மேல் உறை போட்டு இருந்தது.

அதை இறக்கித் துடைத்து, பாட்டு இருந்த பென் டிரைவைச் செருகினேன். திரையில் 'கோப்பு இல்லை' என்று வந்தது. கோப்பின் பெயருக்குப் பின்னால் இருந்த எம்பி3 என்பதை அழித்துவிட்டு, கையேட்டில் சொல்லியிருந்தபடி எம்.ஐ.டி. என்று மாற்றி மறுபடி செருகினேன். இப்போது கோப்பு தெரிந்தது, பாடவில்லை. அரிசி மூட்டையின் மேல் 'பருப்பு' என்று எழுதி ஒட்டினால் உள்ளே இருப்பது பருப்பாகிவிடாது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பிரச்சினையைத் தீர்த்தவர் ஒரு மாணவனின் தந்தை. வாரம் முழுக்கத் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை இராயபுரத்தில் ஓர் ஆலயத்தின் பாடற்குழுவுக்குக் கீபோர்டு வாசிக்கிறவர். பென் டிரைவைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மிஸ், கன்டெய்னர்ல இருக்குற சரக்கு வேற, அதுகூட வர்ற பேக்கிங் லிஸ்ட் வேற. நீங்க சரக்கைக் கொண்டாந்து வச்சிருக்கீங்க. இதுக்கு லிஸ்ட்தான் வேணும்."

இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தக் கையேட்டிலும் படித்ததில்லை.

சரக்கும் பட்டியலும்

பாட்டை ஒலிப்பதிவு செய்யும்போது காற்றின் அதிர்வைக் கருவி அளந்து எண்களாக எழுதிக்கொள்கிறது. குறுந்தகட்டின் தரத்தில் ஒரு விநாடிக்கு 44,100 முறை அளக்கிறது. ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதுகிறது. இடது, வலது என இரண்டு தடங்களுக்கும் தனித்தனியாக. அந்த எண்களைக் குறைக்காமல் அப்படியே வைத்திருப்பது பெரும்பாலான வாவ் கோப்புகள். 55 விநாடிக்கு அது ஏறத்தாழ 9.7 மெகாபைட் வரும். நம் காது கவனிக்காத நுணுக்கங்களைக் கழித்துச் சுருக்கினால் எம்பி3. விநாடிக்கு 128 கிலோபிட் என்ற அளவில் அதே பாட்டு 880 கிலோபைட்டில் அடங்கிவிடும். இரண்டுமே சரக்குதான். பாடகரின் குரலும், வயலினும், பதிவுக்கூடத்தின் எதிரொலியும் ஒன்றாகக் கலந்து உறைந்து கிடக்கும். கலந்ததைப் பிரிப்பது கடினம்.

மிடி கோப்பில் ஒலியே கிடையாது. எந்தச் சுரம், எப்போது தொடங்க வேண்டும், எவ்வளவு அழுத்தமாக, எப்போது நிற்க வேண்டும் என்ற கட்டளைகளின் பட்டியல் அது. ஒரு சுரத்தைத் தொடங்கச் சொல்லும் கட்டளை மூன்றே எண்கள். எடுத்துக்காட்டாக 144, 60, 100. முதல் எண் 'ஒன்றாம் தடத்தில் ஒரு கட்டையை அழுத்து' என்கிறது. 60 என்பது கீபோர்டின் நடுவில் உள்ள ஒரு கட்டை சுருதியின் 'ச'. 100 என்பது அழுத்தத்தின் அளவு. சுரத்துக்கும் அழுத்தத்துக்கும் 0 முதல் 127 வரை மட்டுமே எண்கள் உண்டு. ஏன் 127? ஏழு பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் அதுதான். இரும எண்களைப் படிக்கும் வகுப்பில் இதைச் சொன்னேன். 60 என்பதை 0111100 என்று எழுதிய பையன், தான் ஒரு 'ச' எழுதியிருக்கிறோம் என்று தெரிந்ததும் மற்ற சுரங்களையும் எழுதத் தொடங்கிவிட்டான்.

இசைத் தாளில் எழுதிய சுரக்குறிப்பைப் போன்றது இது. தாள் பாடாது, வாசிப்பவர் கையில் கிடைத்தால்தான் பாடும். இங்கே வாசிப்பவர் கீபோர்டுக்குள் இருக்கும் ஒலிச் சில்லு. ஒரு மெட்டில் 150 சுரங்கள் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொன்றுக்கும் தொடக்கம், முடிவு, இடைவெளி எல்லாம் சேர்த்து எட்டு பைட் கணக்கில் மொத்தம் 1,200 பைட். வாவ் கோப்பின் 9.7 மெகாபைட்டோடு ஒப்பிட்டால் எட்டாயிரத்தில் ஒரு பங்கு.

நமக்கு வேண்டியது இடச் சிக்கனம் அல்ல. பட்டியலில் எல்லாச் சுரங்களுக்கும் மூன்றைக் கூட்டினால் பாட்டு மூன்று அரைச்சுரம் மேலே போய்விடும். ஒரு கட்டையில் இருந்தது இரண்டரைக் கட்டைக்கு வரும். வேக எண்ணை மாற்றினால் சுருதி கெடாமல் பாட்டு மெதுவாகும். மெட்டுத் தடத்தை மட்டும் நிறுத்திவிட்டு, சுருதியையும் தாளத்தையும் ஓடவிடலாம். எம்பி3 பாட்டையும் ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் சுருதி மாற்றலாம் என்பது உண்மைதான். ஆனால் பாடகரின் குரலும் சேர்ந்தே மாறும், அவரை வெளியே அனுப்புவது சுலபமல்ல. அந்தக் குரல் இருக்கும்வரை நம் பிள்ளைகள் அதன் பின்னால் ஒளிந்துகொள்வார்கள்.

1983

கடற்கரைச் சாலையில் வரிசையாக நிற்கும் பெட்டிகளைப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். எந்த நாட்டில் செய்த பெட்டியாக இருந்தாலும் எந்தக் கப்பலிலும், எந்த டிரெய்லரிலும், எந்தக் கிரேனிலும் பொருந்துகிறது. நீளம் 20 அடி அல்லது 40 அடி, மூலைகளில் ஒரே மாதிரியான பிடிகள் என்று உலகம் ஒத்துக்கொண்டதால் வந்த வசதி அது. இந்தியாவின் முதல் தனிக் கன்டெய்னர் முனையம் சென்னைத் துறைமுகத்தில் 1983-இல் திறக்கப்பட்டது.

அதே 1983-இன் ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், இருவேறு நிறுவனங்கள் செய்த இரண்டு சின்தசைசர்களை ஒரு கேபிளால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றில் வாசித்தால் மற்றொன்று ஒலித்தது. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனத்தின் கருவிக்கும் தனித்தனி மொழி. சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தின் டேவ் ஸ்மித்தும், ரோலண்ட் நிறுவனத்தைத் தோற்றுவித்த ஜப்பானியர் இகுதாரோ ககேஹாஷியும் முன்னின்று உருவாக்கிய பொதுமொழிதான் மிடி. இதற்காக இருவருக்கும் 2013-இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. தமிழ்த் திரையிசைக்கும் இந்த அலை சீக்கிரமே வந்துவிட்டது. 1986-இல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கணினியைப் பயன்படுத்தி இசையமைத்தது அன்று பெரிதாகப் பேசப்பட்டது.

கேபிளில் ஓடிய கட்டளைகளைக் கோப்பாகச் சேமிக்கும் பொதுமுறை 1988-இல் வந்தது. நாம் எம்.ஐ.டி. என்று பார்ப்பது அந்தக் கோப்பைத்தான். 1991-இல் 'ஜெனரல் மிடி' என்ற ஒப்பந்தம் சேர்ந்தது. ஒன்றாம் எண் பியானோ, 74 புல்லாங்குழல், 105 சிதார் என 128 ஒலிகளுக்கு நிரந்தர எண்; மொத்தம் 16 தடங்கள்; பத்தாம் தடம் தாளக் கருவிகளுக்கு மட்டும். இந்த ஒப்பந்தம் இருப்பதால்தான் ஒரு நிறுவனத்தின் கீபோர்டில் பதிந்த கோப்பு வேறொரு நிறுவனத்தின் கீபோர்டிலும் ஏறத்தாழ அதே மாதிரி ஒலிக்கிறது.

பட்டியலில் இல்லாதவை

அந்த 128 ஒலிகளில் சிதார் இருக்கிறது, ஷெனாய் இருக்கிறது. வீணையும் நாகசுரமும் இல்லை. பத்தாம் தடத்தில் 47 தாள ஒலிகள். போங்கோவும் காங்காவும் உண்டு, மிருதங்கமும் தவிலும் பறையும் இல்லை. கானாப் பாட்டுக்கு நம் பிள்ளைகள் பெஞ்சில் தட்டும் அடிக்கு அங்கே எண் கிடையாது. இந்தியச் சந்தைக்கென்று யமஹா, கேசியோ நிறுவனங்கள் வெளியிடும் கீபோர்டுகளில் தபலா, தம்புரா போன்ற ஒலிகள் இருக்கின்றன. ஆனால் அவை அந்தந்த நிறுவனம் தன் விருப்பப்படி வைத்த இடங்களில் இருக்கும். ஒரு கீபோர்டில் தபலாவுடன் பதிந்ததை இன்னொன்றில் போட்டால் தபலா இருந்த இடத்தில் மேளச் சத்தம் ஏதாவது வரும். பயப்பட வேண்டாம், கோப்பு கெடவில்லை.

கமகம் இன்னொரு சிக்கல். கீபோர்டில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே ஒன்றும் இல்லை. நம் இசையின் உயிர் பெரும்பாலும் அந்த நடுவில்தான் இருக்கிறது. சுரத்தை வளைப்பதற்கு மிடியில் தனிக் கட்டளை உண்டு, 16,384 படிகள் கொண்டது. ஆனாலும் நம்மைப் போன்றவர்கள் கையால் ஒரு சக்கரத்தைத் திருப்பிக் கமகத்தைக் கொண்டுவருவது நடக்கிற காரியமல்ல. தியாகராஜர் திருவொற்றியூருக்கு வந்து திரிபுரசுந்தரி அம்மன் மேல் பாடிய ஐந்து கீர்த்தனைகளை யாராவது மிடி கோப்பாகத் தந்தால், அதைக் கேட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க நான் துணியமாட்டேன். எம்.எஸ். விசுவநாதன் அமைத்த தமிழ்த்தாய் வாழ்த்து மெட்டு, பெருங்கூட்டம் ஒன்றாகச் சேர்ந்து பாடுவதற்கானது. பயிற்சிக்கு மிடி போதும்.

பென் டிரைவைச் செருகுமுன்

கீபோர்டின் பின்பக்கத்தில் யூஎஸ்பி துளைகள் இரண்டு வகை. பென் டிரைவ் நேராக நுழையும் தட்டையான துளைக்கு 'டூ டிவைஸ்' என்று எழுதியிருக்கும். சற்றே சதுரமான துளை 'டூ ஹோஸ்ட்'. அது கணினியோடு கேபிளால் இணைப்பதற்கு. விலை குறைந்த கருவிகள் பலவற்றில் இரண்டாவது மட்டும்தான் இருக்கும். அப்போது பென் டிரைவ் பேச்சே இல்லை. மடிக்கணினியில் கோப்பை ஓடவிட்டுக் கேபிள் வழியாகக் கீபோர்டை ஒலிக்கவைக்க வேண்டும்.

தட்டையான துளை இருந்தும் கோப்பு தெரியவில்லை என்றால், பென் டிரைவின் அமைப்பைப் பாருங்கள். பெரும்பாலான கீபோர்டுகளுக்கு ஃபேட்32 என்ற அமைப்பு வேண்டும். 64 ஜிபி, 128 ஜிபி பென் டிரைவுகள் கடையிலிருந்து வரும்போதே பொதுவாக எக்ஸ்ஃபேட் அமைப்பில் வருகின்றன. பல கீபோர்டுகள் அதைப் படிக்காது. பழைய 8 ஜிபி அல்லது 16 ஜிபி பென் டிரைவ் வீட்டில் கிடந்தால் அதுவே நல்லது. கணினியில் ஃபேட்32 என்று தேர்ந்து ஃபார்மேட் செய்யுங்கள். அதற்குமுன் உள்ளே இருப்பதை வேறிடத்தில் எடுத்து வையுங்கள், ஃபார்மேட் செய்தால் எல்லாம் அழிந்துவிடும். கோப்பின் பெயரை ஆங்கில எழுத்தில் எட்டு எழுத்துக்குள் வைப்பது பாதுகாப்பு. தமிழில் பெயர் வைத்தால் பல கீபோர்டுகளின் திரையில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.

மிடி கோப்பிலேயே பூஜ்ய வகை, ஒன்றாம் வகை என்று உண்டு. எல்லாத் தடங்களையும் ஒன்றாக்கி எழுதியது பூஜ்ய வகை. தனித்தனியாக வைத்திருப்பது ஒன்றாம் வகை. சில பழைய கருவிகள் பூஜ்ய வகையை மட்டும் படிக்கும். எல்லாம் சரியாக இருந்தும் பாடாத கோப்பு கையில் இருந்தால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

'ஸ்டைல்' கோப்பு என்று ஒன்றையும் சிலர் தருவார்கள். அது பாட்டு அல்ல. இடது கையால் ஒரு கூட்டுச்சுரத்தைப் பிடித்தால் பின்னணித் தாளமும் கிதாரும் தானாக ஓடுவதற்கான அச்சு. இதில் பொதுமொழி கிடையாது. யமஹாவுக்கும் கோர்க் நிறுவனத்துக்கும் பின்னொட்டு ஒரே எஸ்.டி.ஒய்.தான், ஆனால் ஒன்றில் ஓடுவது மற்றொன்றில் ஓடாது. கேசியோவுக்கு ஏ.சி.7. 'ஆயிரம் ஸ்டைல்' என்று விற்கும் பென் டிரைவை வாங்கும் முன் உங்கள் கருவியின் மாடல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

இவ்வளவும் ஒத்துவராவிட்டால், கருவியில் 'ஆக்ஸ் இன்' துளை இருந்தால் கைப்பேசியிலிருந்து கேபிள் போட்டு எம்பி3 பாட்டைக் கேட்கலாம். அப்போது கீபோர்டு வெறும் ஸ்பீக்கர்தான்.

கோப்பை நாங்களே செய்தோம்

இணையத்திலிருந்து எடுத்த இரண்டு மிடி கோப்புகளில் மெட்டு தவறாக இருந்தது. எம்பி3 பாட்டைத் தானாகவே மிடியாக மாற்றித் தரும் செயலிகளையும் பார்த்தோம். பல கருவிகள் சேர்ந்து ஒலிக்கும் பாட்டில் அவை இல்லாத சுரங்களை எல்லாம் எழுதிவிடுகின்றன. எனவே அந்தத் தந்தை ஒரு சனிக்கிழமை வந்து, மெட்டை ஒரு தடத்தில், ச-ப சுருதியை ஒரு தடத்தில், மூன்றன் நடைத் தாளத்தைப் பத்தாம் தடத்தில் என வாசித்துப் பதிந்து தந்தார். வாசிக்கத் தெரிந்தவர் கிடைக்காத பள்ளிகளில், உயர் தொழில்நுட்ப ஆய்வகக் கணினியில் மியூஸ்ஸ்கோர் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு சுரங்களை ஒவ்வொன்றாக எழுதி மிடியாகச் சேமிக்கலாம். நேரம் பிடிக்கும், தவறு வராது.

அவர் வாசித்தது நிதானமாக இருந்தது. வேக எண் 100-இல் பாட்டு முடிய 66 விநாடி ஆனது. 55 விநாடிக்கு வேகம் என்ன? ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் எதிர் விகிதக் கணக்காகக் கொடுத்தேன். 100-ஐ 66-ஆல் பெருக்கி 55-ஆல் வகுத்தால் 120. கீபோர்டில் 120 வைத்து, கையில் கடிகாரத்தோடு ஒருத்தி நிற்க, பாட்டு 55-இல் முடிந்தபோது வகுப்பே கைதட்டியது. ஆனால் பயிற்சியை 120-இல் தொடங்கவில்லை. முதல் வாரம் 90. சொற்கள் தெளிவாக வந்தபின் நாளுக்குக் கொஞ்சமாக ஏற்றினோம்.

சுருதிக்கு, டிரான்ஸ்போஸ் பொத்தானை ஒவ்வோர் எண்ணாக நகர்த்தி, முதல் வரியையும் மெட்டு மிக உயரும் வரியையும் மட்டும் பாடவைத்தோம். உயரும் இடத்தில் கழுத்து நரம்பு புடைக்கிறதா, தாழும் இடத்தில் குரல் காணாமல் போகிறதா என்று பார்த்தோம். எங்களுக்கு ஒத்துவந்த கட்டை உங்கள் பிள்ளைகளுக்கு ஒத்துவரும் என்று சொல்ல முடியாததால் எண்ணைச் சொல்லவில்லை. குரல் உடையும் வயதுப் பையன்களை ஒரு தாயி கீழே பாடச் சொன்னோம். அதுவரை அவர்களுக்கு அப்படியும் பாடலாம் என்று யாரும் சொன்னதில்லை. பாட வராது என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இடையில் பிள்ளைகளே கண்டுபிடித்த விளையாட்டு ஒன்று. மோகனத்தில் ச, ரி, க, ப, த என்று ஐந்தே சுரங்கள். நாலரைக் கட்டையை 'ச' என்று வைத்துக்கொண்டால் அந்த ஐந்தும் கறுப்புக் கட்டைகளிலேயே அமைந்துவிடும். வெள்ளையைத் தொடாமல் கறுப்புக் கட்டைகளை மட்டும் எப்படித் தட்டினாலும் மோகனத்தின் சுரங்கள்தான் வரும். ஐந்தாம் வகுப்பில் இதைக் காட்டிய அன்று மதிய உணவு இடைவேளையில் கீபோர்டைச் சுற்றி இடமில்லை.

மூன்றாவது வாரம் மெட்டுத் தடத்தை நிறுத்தினோம். நான்காவது வாரம் தாளத்தையும் நிறுத்தினோம். இப்போது வழிபாட்டுக் கூட்டத்தில் கீபோர்டு 'ச', 'ப' இரண்டை மட்டும் நான்கு விநாடி ஒலித்துவிட்டு ஓய்ந்துவிடும்; ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி கையசைக்க, பிள்ளைகள் எடுக்கிறார்கள். சில நாள் 55 விநாடி, சில நாள் 58. லாரி ஹாரன் அடித்தால் ஒரு வரி மூழ்கிப்போகும். மின்சாரம் போன அன்று ஸ்ருதிப் பெட்டிச் செயலியைக் கைப்பேசியில் போட்டோம்.

பழைய பென் டிரைவை எட்டாம் வகுப்புப் பையன்கள் வாங்கிக்கொண்டார்கள். பெஞ்சில் அடிக்கும் கானாத் தாளத்தைக் கைப்பேசியில் வாவ் கோப்பாகப் பதிகிறார்கள். பட்டியலில் எண் இல்லாத சத்தத்துக்குச் சரக்கைத்தான் கொண்டுவர வேண்டும் என்று அவர்களே முடிவுசெய்திருக்கிறார்கள். கலைத் திருவிழாவுக்குள் முடிந்துவிடும் என்கிறார்கள்.